பலா முந்தியா, பனை முந்தியா?
கம்ப்யூட்டருக்கு அகரவரிசை கற்றுக்கொடுத்த கதை

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம்.

ஓர் அலுவலகம். ஒரு தாயார் தன் மகளின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு வந்திருக்கிறார். மகளின் பெயர் கௌரி. அங்கிருந்த குமாஸ்தா பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறார்.

"அப்படி ஒரு பெயரே இல்லையே, அம்மா!"

தாயாருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

"நல்லாப் பாருங்க சார்! பணம் கட்டின ரசீதுகூட கையிலே இருக்கு."

குமாஸ்தா மறுபடியும் தட்டுகிறார். மறுபடியும் 'இல்லை' என்றே பதில் வருகிறது. சந்தேகம் வந்து, பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்க்கிறார். என்ன ஆச்சரியம்! 'கெளரி' என்ற பெயர் கண்ணுக்கு எதிரே நிற்கிறது!

மனிதனின் கண்ணுக்குத் தெரிகிறது. இயந்திரத்துக்குத் தெரியவில்லை. இது எப்படி?

இது கற்பனைதான். ஆனால் நடக்கக்கூடிய கற்பனை. இதன் மர்மம் விளங்க வேண்டுமானால், கம்ப்யூட்டர் எழுத்துகளை எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரிசை எதற்கு?

அந்தக் காலத்தில் தமிழில் சொற்களுக்குப் பொருள் சொல்ல நிகண்டுகள் இருந்தன. அவை பாட்டாக இருந்தன. மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்தார்கள். மனப்பாடம் செய்யாதவர் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

1732-ம் ஆண்டில் வீரமாமுனிவர் 'சதுரகராதி' என்ற நூலைச் செய்தார். இவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்த பாதிரியார். இவருடைய நூலில் சொற்கள் எழுத்து வரிசைப்படி நின்றன. அ, ஆ, இ, ஈ தெரிந்த எவரும் புத்தகத்தைப் புரட்டித் தமக்கு வேண்டிய சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

அகரவரிசையின் பெருமை இதுதான். மனப்பாடம் வேண்டாம். யாருடைய தயவும் வேண்டாம். தேடுகிற பொருள் எந்த இடத்தில் இருக்கும் என்று தேடுகிறவருக்கே தெரியும்.

வரிசை கெட்டால்? உள்ள பொருளும் இல்லாத பொருள் ஆகிவிடும்!

எழுத்துக்கு ஒரு நம்பர்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

உலகத்து மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இப்படி நம்பர் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு 'யூனிகோடு' என்று பெயர். இதை நடத்தும் அமைப்பு 1991-ம் ஆண்டில் அமெரிக்காவில் பதிவாயிற்று. இந்த ஏற்பாட்டில் 'க'வின் நம்பர் 2965. 'ப'வின் நம்பர் 2986. 'ம'வின் நம்பர் 2990.

இரண்டு சொற்களில் எது முந்தி என்று கேட்டால், கம்ப்யூட்டர் இந்த நம்பர்களைத்தான் ஒத்துப் பார்க்கும். சிறிய நம்பர் முன்னால், பெரிய நம்பர் பின்னால். வேறு எதுவும் கற்றுக்கொடுக்காவிட்டால் அது செய்வது அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு இங்கிலீஷிலேகூட முழுதும் சரிப்படாது. அங்கே பெரிய எழுத்துகளுக்கு 65 முதல் 90 வரை நம்பர். சிறிய எழுத்துகளுக்கு 97 முதல் 122 வரை. ஆகவே பெரிய எழுத்து 'இசட்', சிறிய எழுத்து 'ஏ'வுக்கு முன்னால் வந்து நிற்கும்!

வால் தலையான வேடிக்கை

தமிழில் வேடிக்கை இன்னும் அதிகம்.

தமிழ் எழுத்துகள் 'அ'வில் தொடங்கி 'ன'வில் முடிகின்றன என்று தொல்காப்பியமே வரையறுத்திருக்கிறது. ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்றுதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லுவார்கள். 'ன' கடைசிப் பிள்ளை.

யூனிகோடில் 'ன'வின் நம்பர் என்ன தெரியுமா? 2985. அதாவது 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னே! 'ற'வும் இடம் மாறி 'ர'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆய்த எழுத்தோ, 'அ'வுக்கும் முன்னால் போய்விட்டது!

ஆறு சொற்களை எடுத்துக்கொள்வோம். நம் அகரவரிசை இப்படி வரும்:

பலா, பவளம், பழம், பளிங்கு, பறவை, பனை.

நம்பரை மட்டும் பார்க்கும் கம்ப்யூட்டர் இப்படி அடுக்கும்:

பனை, பறவை, பலா, பளிங்கு, பழம், பவளம்.

கடைசியில் நிற்க வேண்டிய பனை முதலில் வந்துவிட்டது. இரண்டாவதாக நிற்க வேண்டிய பவளம் கடைசிக்குப் போய்விட்டது! ஆறு சொல் என்றால் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஆறாயிரம் பெயர் என்றால்?

யார் செய்த ஏற்பாடு?

இது யாரும் வேண்டுமென்று செய்த குறும்பு அல்ல.

யூனிகோடு வருவதற்கு முன்பே, இந்திய மொழிகளுக்கென்று இங்கே ஒரு நம்பர் முறை வகுத்திருந்தார்கள். தேவநாகரி எழுத்துகளை மாதிரியாக வைத்து, மற்ற இந்திய எழுத்துகளையும் அதே கட்டங்களில் அமைத்தார்கள். ஒரே அச்சில் பல பாத்திரங்களை வார்ப்பது போன்ற வேலை அது. ஒரு மொழியின் எழுத்தை இன்னொரு மொழி எழுத்தாக மாற்றுவதற்கு அது சௌகரியமாக இருந்தது. அந்த முறையின் 1988-ம் ஆண்டு அமைப்பையே யூனிகோடும் எடுத்துக்கொண்டது.

அதில் 'ன'வை 'ந'வின் உறவாகவும், 'ற'வை 'ர'வின் உறவாகவும் பாவித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். உறவு பார்த்ததில் வரிசை போயிற்று!

சரி, இப்போது மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்ற முடியாது. ஒரு முறை கொடுத்த நம்பரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதியான விதி. மாற்றினால், அதுவரை எழுதி வைத்த கடிதம், கணக்கு, புத்தகம் எல்லாம் தாறுமாறாகிவிடும்.

புள்ளியின் குழப்பம்

இன்னொரு சங்கடம் புள்ளியால் வந்தது.

'க்' என்ற மெய்யோடு 'அ' சேர்ந்தால் 'க' என்பது நம் இலக்கணம். கம்ப்யூட்டரிலோ கணக்கு தலைகீழ். அங்கே 'க'தான் மூலம். 'க'வோடு புள்ளி சேர்ந்தால் 'க்'. புள்ளிக்கென்று தனி நம்பர் இருக்கிறது. அது 3021. மிகப் பெரிய நம்பர்.

இன்றைய அகராதியில் 'பக்கம்' முன்னால் வரும், 'பகல்' பின்னால் வரும். நம்பர் கணக்கிலோ 'பகல்' முந்திக்கொள்ளும். புள்ளியின் நம்பர் பெரியது அல்லவா!

ஊருக்கு ஒரு வரிசை

இந்தத் தொல்லை தமிழுக்கு மட்டும்தானா? இல்லை. உலகமெங்கும் இருக்கிறது.

'ஓ' என்ற இங்கிலீஷ் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து ஒன்று உண்டு. ஜெர்மானியர் அகராதியில் அதை 'ஓ'வோடு சேர்த்து வைப்பார்கள். சுவீடன் நாட்டாருக்கோ அது 'இசட்'டுக்கும் அப்பால் வரும் கடைசி எழுத்து. எழுத்து ஒன்றே. நாடு மாறினால் இடம் மாறுகிறது!

ஸ்பெயின் தேசத்துக் கதை இன்னும் ருசியானது. 'சாக்லேட்' என்ற சொல் அங்கே 'சி', 'எச்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். அந்த இரண்டையும் சேர்த்து ஒரே தனி எழுத்தாக அங்கே பாவித்து வந்தார்கள். ஆகவே 'சி'யில் தொடங்கும் மற்ற சொற்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் சாக்லேட் வரும். 1994-ம் ஆண்டில் ஸ்பானிஷ் மொழிக் கழகங்கள் கூடி, இனி அவற்றை இரண்டு எழுத்தாகவே வைத்து அடுக்குவது என்று முடிவு செய்தன. அன்று முதல் சாக்லேட் சில பக்கங்கள் முன்னால் நகர்ந்துவிட்டது!

துருக்கியில் 'ஐ' என்ற எழுத்தில் இரண்டு வகை. ஒன்றுக்குப் புள்ளி உண்டு, மற்றதற்கு இல்லை. பெரிய எழுத்தாக எழுதினாலும் அந்த வித்தியாசம் மாறாது. 1928-ம் ஆண்டில் வந்த துருக்கி நெடுங்கணக்கு அப்படி. இங்கிலீஷ் வழக்கப்படி, புள்ளி வைத்த சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்கினால் புள்ளி போய்விடும். துருக்கியருக்கு அது வேறு எழுத்து. சொல்லும் வேறு சொல்! இது தெரியாமல் எழுதிய புரோகிராம்கள் துருக்கியில் தடுமாறின.

வரிசை என்பது எழுத்துக்குள் இல்லை. அந்த மொழியைப் பேசும் ஜனங்களின் வழக்கத்தில் இருக்கிறது. ஆகவே அதை இயந்திரம் தானாகத் தெரிந்துகொள்ளாது. மனிதர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது ஜாபிதா

எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்க்கை நம்பர் ஒன்று உண்டு. அது மாறாது. ஆனால் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும்போது அந்த நம்பர்படி நிற்பதில்லை. உயரப்படி நிற்கிறார்கள். சேர்க்கை நம்பர் வேறு, நிற்கும் வரிசை வேறு.

அறிஞர்கள் இதே யுக்தியைக் கையாண்டார்கள். எழுத்தின் நம்பரைத் தொடவில்லை. அடுக்குவதற்கென்று இரண்டாவது ஜாபிதா ஒன்றைத் தயாரித்தார்கள். அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் எடை போட்டார்கள். முதலில் மூல எழுத்தைப் பார்க்க வேண்டும். அது சமமானால், மேலே உள்ள குறிகளைப் பார்க்க வேண்டும். அதுவும் சமமானால், பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று பார்க்க வேண்டும். நாட்டுக்கு நாடு மாறும் வழக்கங்களைத் தனித்தனிக் குறிப்பாகச் சேர்த்தார்கள்.

இந்த ஜாபிதாவில் தமிழ் மெய்கள் நம் வரிசைப்படியே நிற்கின்றன. 'ன'வும் பதினெட்டாவது இடத்துக்குத் திரும்பிவிட்டது. தமிழுக்குரிய குறிப்பில் 'க்' முன்னால், 'க' பின்னால் என்ற விதியும் இருக்கிறது.

ஆனால் ஒன்று. ஜாபிதா இருந்தால் போதாது. புரோகிராம் எழுதுகிறவர் அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். 'இது தமிழ்ப் பட்டியல்' என்று இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பழையபடி நம்பரைத்தான் பார்க்கும். பனைதான் முன்னால் வரும்!

கௌரி எங்கே போனாள்?

இனி அந்தத் தாயாரின் கதைக்கு வருவோம்.

'கௌ' என்பதைச் சரியாகத் தட்டினால் கம்ப்யூட்டரில் இரண்டு நம்பர்கள் பதியும். ஒன்று 'க'. மற்றது ஔகாரக் குறி. அதன் நம்பர் 3020. ஆனால் சிலர் 'க'வுக்கு ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். அப்போது மூன்று நம்பர்கள் பதியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இயந்திரத்துக்கு ஒன்று 'கௌரி'. மற்றது 'கெ', 'ள', 'ரி'. இரண்டும் வேறு வேறு ஆட்கள்!

பட்டியலைத் தட்டியவர் ஒரு விதமாகத் தட்டினார். தேடியவர் வேறு விதமாகத் தட்டினார். நடுவில் ஒரு பெண்ணின் பெயர் காணாமல் போயிற்று.

'கோமதி' போன்ற பெயர்களிலும் இரண்டு விதம் உண்டு. இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகப் பதியலாம். தனித்தனியாகவும் பதியலாம். இந்த இரண்டும் சமம் என்று யூனிகோடு விதித்திருக்கிறது. விதியை மதிக்கும் புரோகிராம் கோமதியைக் கண்டுபிடித்துவிடும். கௌரிக்கு அந்த விதி உதவாது. 'ள' என்பது உண்மையிலேயே வேறு எழுத்து. ஆகவே அங்கே தட்டுகிறவர்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பெயர் பதிவு செய்யும் இடத்தில் நிற்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெயரைத் தட்டி முடித்ததும், அதே பெயரைத் தேடிக் காட்டச் சொல்லலாம். 'இல்லை' என்று இயந்திரம் சொன்னால் உடனே திரும்பிவிட வேண்டாம். வேறு விதமாகத் தட்டிப் பார்க்கச் சொல்லலாம். பட்டியலைக் கண்ணாலும் பார்க்கச் சொல்லலாம்.

இயந்திரம் பொய் சொல்வதில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறது. அதற்கு நம் அகரவரிசையைச் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால், பலா முன்னாலும் பனை பின்னாலும் தத்தம் இடத்தில் நிற்கும். கௌரியின் பெயரும் முதல் தடவை தட்டியதுமே வந்து நிற்கும்.