காவற்செலவை யார் கொடுப்பது?

நாவற்குழியைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கி வருகின்ற புகையிரதமும், கண்டி வீதியால் வருகின்ற பஸ்ஸும் அரியாலைக்குள் நுழைந்தே நகரத்தை அடைகின்றன. 1990 ஜூன் 13இல் நின்றுபோன யாழ்தேவி ரயில், இந்தியக் கடனுதவியால் பாதை மீண்டும் போடப்பட்டு, 2014 அக்டோபர் 13இல்தான் இவ்வழியே திரும்பி வந்தது. அந்த இடைக்காலத்தில் யுத்தத்தைக் கண்டவர்களுக்குப் பிரயாணிகளின் பாதுகாப்பு என்பது வெறுமனே கேள்விப்பட்ட விஷயமன்று; ஆயினும் அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதை நம்மவர் அதிகம் விசாரித்ததில்லை.

துறைமுகங்களின் கணக்கு ஓரளவு வெளிப்படையானது. 2001 ஜூலை 24இல் கட்டுநாயக்க விமானத்தளம் தாக்கப்பட்டதும், இலண்டன் காப்புறுதிக்காரர் கொழும்புக்கு வரும் கப்பல்களுக்கும் யுத்த அபாயக் கட்டணத்தை உயர்த்தினர். கப்பற் கம்பனிகள் அதைச் சரக்குக் கூலியில் ஏற்றின. கூலியோ பருப்பின் விலையிலும் மாவின் விலையிலும் ஏறிக் கடைவாசலுக்கு வந்தது. பின்னர் 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்புக் கோவை, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பாதுகாப்புத் திட்டமும் பொறுப்பதிகாரியும் வேண்டுமென்று விதித்ததேயன்றி, பணம் தருபவர் யாரென்று சொல்லவில்லை. ஆகவே உலகின் பல துறைமுகங்கள் கொள்கலனுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் அறவிடத் தலைப்பட்டன.

பஸ்ஸிலும் ரயிலிலும் இந்த உபாயம் செல்லாது. 1996 ஜூலை 24இல் தெகிவளையில் குண்டு வெடித்து அறுபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட ரயில், மாலையில் வேலை முடிந்து வீடு திரும்புவோர் நெருங்கி ஏறிய வண்டி. வாசலுக்கு வாசல் சோதித்தால் அது புறப்படவே மாட்டாது, செலவைச் சீட்டில் ஏற்றினால் ஏறுவாரும் இரார். அதனால் அரசாங்கம் பிரயாணியின் நேரத்தையே வரியாக வாங்கிக்கொண்டது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி, பையைச் சுமந்து வரிசையில் நின்று, உடுப்பையும் புழுக்கொடியல் பார்சலையும் மேசையில் விரித்துக்காட்டி, அடையாள அட்டையைப் பதிவித்து மறுபடி ஏறியவர்கள் செலுத்திய அவ்வரி எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இல்லை. அதனாற் கிடைத்த காப்பும் பூரணமன்று: 2006 ஜூனில் கெப்பித்திகொல்லாவையிலும், 2008 ஜனவரியில் மடுப் பகுதியிலும் பஸ்களைச் சிதைத்த கிளைமோர் கண்ணிவெடிகள் பிரயாணியின் பைக்குள் இருந்தவையல்ல, வீதியோரம் இருந்தவை.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபின், மேற்சொன்ன கோவை நம் வடகரைக்கும் பொருந்துகிறது. ஐம்பது பேர் வந்தாலும் ஐந்நூறு பேர் வந்தாலும் சோதனை இயந்திரமும் காவலாளரும் அங்கே வேண்டும். அச்சுமையைச் சிறு கப்பலின் சீட்டில் ஏற்றுவதைவிடத் திறைசேரி ஏற்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.