தெரியுமா? மூன்று பேப்பர், ஒரே கட்டுரை!

மும்பை ஆண்டாப் ஹில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் ஒரே மாடிப்படியில் மராத்திப் பேப்பர், இந்திப் பேப்பர், இங்கிலீஷ் பேப்பர், தமிழ்ப் பேப்பர் எல்லாம் ஏறும். தேர்தல் வந்துவிட்டால் அத்தனையிலும் சயான் கோலிவாடா தொகுதி வேட்பாளர்கள் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள். அதில் எந்தச் சிரிப்பு செய்தி, எந்தச் சிரிப்புக்குக் காசு கைமாறியது என்று யோசித்ததுண்டா?

2009 அக்டோபருக்குப் போவோம். மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல், 13-ஆம் தேதி ஓட்டு. அந்த நேரத்தில் முதல்வர் அசோக் சவானைப் புகழ்ந்து லோக்மத்தில் ஒரு கட்டுரை. மகாராஷ்டிரா டைம்ஸிலும் ஒரு கட்டுரை. புடாரியிலும் ஒன்று. மூன்றும் ஒன்றையொன்று முந்தத் துடிக்கிற போட்டிப் பத்திரிகைகள். ஆனால் கட்டுரை? சொல்லுக்குச் சொல் ஒன்றே! 'விளம்பரம்' என்ற குறிப்பு மட்டும் எங்கும் இல்லை. இதை அம்பலப்படுத்தியவர் 'தி இந்து'வில் எழுதிய பி. சாய்நாத். நம்ம சென்னையில் பிறந்தவர், முன்னாள் குடியரசுத் தலைவர் வி.வி. கிரியின் பேரன் என்பது கூடுதல் தகவல்.

இன்னும் கேளுங்கள். அந்தத் தேர்தலில் பத்திரிகை விளம்பரத்துக்கு ஆன செலவு என்று சவான் காட்டிய கணக்கு எவ்வளவு தெரியுமா? 5,379 ரூபாய்! கேபிள் டி.வி.க்கு 6,000. அப்போது ஒரு வேட்பாளரின் செலவு உச்சவரம்பே 10 லட்சம்தான். பக்கம் பக்கமாக வந்ததெல்லாம் விளம்பரம் என்று ஆகியிருந்தால் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும்! தான் காசு கொடுக்கவில்லை என்றார் அவர். 2014-இல் தேர்தல் ஆணையம் கணக்கு சரியில்லை என்றது. அதே ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

பதவியே பறிபோனவரும் உண்டு. உத்தரப் பிரதேசம் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், 2011 அக்டோபரில் மூன்றாண்டுத் தகுதிநீக்கம். பத்திரிகையில் செய்தி வேஷத்தில் வந்த விளம்பரத்தின் செலவைக் கணக்கில் மறைத்தார் என்பதுதான் குற்றம். நாட்டிலேயே இந்த விஷயத்தில் பதவி இழந்த முதல் சட்டமன்ற உறுப்பினர்!

வேடிக்கையின் உச்சம் பிரஸ் கவுன்சிலில் நடந்தது. காசுக்குச் செய்தி போடும் இந்தப் 'பெய்டு நியூஸ்' நோயை ஆராய பரஞ்சோய் குஹா தாகுர்த்தா, கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டி என்று இருவர் குழு. ஒரே பக்கத்தில் எதிரெதிர் வேட்பாளர்கள் இருவருமே ஜெயிக்கப்போவதாகத் தனித்தனிச் செய்திகள் வந்ததெல்லாம் இவர்கள் கண்ணில் பட்டது. பத்திரிகைகளின் பெயரோடு அறிக்கை தந்தார்கள். கவுன்சில் என்ன செய்தது? 2010 ஜூலையில் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டு, பெயர்களை அமுக்கிவிட்டது! மத்தியத் தகவல் ஆணையம் தலையிட்ட பிறகுதான் 2011-இல் முழு அறிக்கை வெளிச்சத்துக்கு வந்தது. மூடிமறைத்ததைப் பற்றிய அறிக்கையையே மூடிமறைத்த கூத்து!

பட்டவர்த்தனமாகப் பக்கச்சார்பு காட்டும் பத்திரிகைகளும் மும்பைத் தமிழனுக்குப் புதிதில்லை. 1960-இல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், டெலிபோன் டைரக்டரியிலிருந்து தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டே மராத்தியரை உசுப்பியது. 1967-இல் வடகிழக்கு பம்பாயில் கேரளத்தவரான வி.கே. கிருஷ்ண மேனன் நின்றபோது தாக்கரேயின் சிவசேனா அவருக்கு எதிராகக் களமிறங்க, மேனன் தோற்றார். தாக்கரே முன்பு கார்ட்டூன் வரைந்த 'ஃப்ரீ பிரஸ் ஜர்னலை'த் தொடங்கியவர் யார் தெரியுமா? எஸ். சதானந்த் என்ற தமிழர்!

என்னைக் கேட்டால் மார்மிக்கோ, தி.மு.க.வின் முரசொலியோ பெரிய ஆபத்தில்லை. யார் பேப்பர், யாருக்காகப் பேசுகிறது என்பது படிக்கிறவனுக்குத் தெரியும், அதற்கேற்ப கல்லைப் பொறுக்கிவிட்டுச் சாப்பிடுவான். 'நமது சிறப்பு நிருபர்' என்று போட்டு நடுநிலை முகத்தோடு வருகிறதே, அதுதான் ஏமாற்று.

அடுத்த தேர்தலில் பக்கத்து வீட்டு மராத்திப் பேப்பரை வாங்கி உங்கள் தமிழ்ப் பேப்பருக்குப் பக்கத்தில் விரித்து வையுங்கள். ஒரே படம், ஒரே புகழ்ச்சி, 'விளம்பரம்' குறிப்பு இல்லை என்றால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் தேர்தல் ஆணையத்தின் 'சி-விஜில்' வசதியிலேயே போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். பெய்டு நியூஸ் புகாருக்கும் அதில் இடம் இருக்கிறது!