விலாவில் மூடியுள்ள மாட்டைப் படம் எடுக்கும்போது

கால்நடை ஆராய்ச்சிப் பண்ணையைப் பார்க்கச் செல்லும் விவசாயிகள் சில இடங்களில் இடது விலாவில் வட்டமான மூடி பொருத்திய மாட்டைக் காணலாம். உடனே செல்போனில் படம் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் ஊருக்கு வந்ததும், "மாட்டில் ஓட்டை போட்டுக் கொடுமை செய்கிறார்கள்" என்ற பேச்சுதான் கிளம்பும்.

மாட்டு வயிற்றின் நான்கு அறைகளில் பெரியது இடப்பக்கம் உள்ளது. மரத்துப்போக மருந்து கொடுத்து, அறுவை செய்து, அந்த அறைக்கு வழி அமைத்துக் குழாயும் மூடியும் பொருத்துகிறார்கள். புண் ஆறியபின் மாடு வழக்கம்போல் மேய்ந்து அசைபோடும். வைக்கோலையோ தீவனப்புல்லையோ எடை போட்டு, நைலான் பையிலிட்டு உள்ளே வைப்பார்கள். 24 அல்லது 48 மணி நேரம் கழித்து எடுத்து, கழுவி உலர்த்தி, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எந்தத் தீவனம் எவ்வளவு செரிக்கும் என்பது இதில் தெரியும். விவசாயிக்குச் சொல்லப்படும் தீவனச் சிபாரிசுகளுக்கு இதுவும் ஓர் அடிப்படை.

ஆகவே பண்ணை அதிகாரியின் அனுமதி பெற்றே படம் எடுக்க வேண்டும். மூடியை மட்டும் எடுக்காமல், மாடு முழுவதும் தெரியும்படி, அது அசைபோடும் வேளையில் எடுப்பது நல்லது. மாட்டுக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. அப்பக்கமாக நெருங்கினால் மிரண்டு உதைக்கும். பிளாஷ் வெளிச்சமும் கூடாது. படத்துக்காகவே மூடியைத் திறக்கச் சொல்வது தவறு. மூடியைச் சுற்றிச் சிறிது சாறு கசிவதுண்டு. சீழோ வீக்கமோ தென்பட்டால், அதை மறைத்துப் படம் எடுக்காமல் காப்பாளரிடம் உடனே சொல்ல வேண்டும்.

படத்தைப் பிறருக்கு அனுப்புவோர், அந்த மாட்டைக் கொண்டு எந்தத் தீவனத்தைச் சோதிக்கிறார்கள் என்று கேட்டறிந்து, அதையும் இரண்டு வரி சேர்த்து எழுதி அனுப்பலாம்.