நடுக்குவாத மாத்திரையும் தடம்மாறும் தீர்மானமும்

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்திற்கு மாத்திரை எடுப்பவர்களுள் சிலர், அதுவரை ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழித்தவர்களாக இருந்தும், லொத்தர் சீட்டுகளை அடுக்கடுக்காக வாங்குவதும் வேண்டாத பொருட்களைக் கடனுக்கு வாங்கிக் குவிப்பதும் மருத்துவம் நன்கறிந்த பக்கவிளைவாகும். ஆயினும் வீட்டார் அதனைக் கெட்ட பழக்கமென்று எண்ணி மூடி மறைப்பதால், கடன் கழுத்தை நெரித்த பின்னரே விடயம் வைத்தியரின் காதுக்கு எட்டுகிறது. கற்பிட்டியிலிருந்து உடப்பு, சிலாபம் வரை நீளும் கரையோரத்தில் இத்தாமதத்தின் விலை பெரிது. யாருக்கு எவ்வளவு முற்பணம் கொடுப்பது, புது வலைக்கு எப்போது காசு போடுவது என்று கரைவலைச் சம்மாட்டி ஒருவர் எடுக்கும் தீர்மானத்தில் பல வீடுகளின் அடுப்பு தங்கியிருக்கிறது.

மூளைப் படங்கள் காட்டியவை

நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற இரசாயனம் இந்நோயில் குறைகிறது. தொடக்க காலத்தில் அக்குறைவு உடலசைவை ஆளும் பகுதியில் மிகுதியாகவும், இலாபத்தையும் பரிசையும் எடைபோடும் பகுதியில் குறைவாகவும் இருப்பதால், கைநடுக்கத்திற்குப் போதுமான மருந்தளவு பின்னைய பகுதிக்கு மிகையாகிவிடுகிறது என்பதே ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகள் ஜப்பானிய எழுத்துக்குறிகளுள் ஒன்றைத் தெரிவுசெய்து, சரியா தவறா என அறிந்து பழகினர். மருந்தின்றி இருந்தபோது தவறிலிருந்தும், மருந்து எடுத்தபோது வெற்றியிலிருந்துமே அவர்கள் கூடுதலாகக் கற்றனர். டொரொண்டோவில் 2009இல், சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி மூளை இரசாயனத்தைப் படமாக்கும் பெட் ஸ்கேன் மூலம் ஆராய்ந்தபோது, சூதாட்டப் பழக்கத்திற்கு ஆளான பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில், அப்பழக்கமற்ற நோயாளிகளினதைவிட, சீட்டு விளையாடும் வேளையில் டோபமைன் கூடுதலாக வெளிப்பட்டமை தெரிந்தது. இப்படங்கள் ஆய்வுக்குரியவை, சிகிச்சைக்கு அவை தேவையில்லை.

ஒழுக்கக்கேடு அல்ல

"வயது போனதால் புத்தி கெட்டுவிட்டது", "யாரோ செய்வினை செய்துவிட்டார்கள்" என்ற இரண்டு பேச்சும் பிழையானவை. வட அமெரிக்காவில் 3,090 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், பிரமிபெக்சோல், ரொபினிரோல் போன்று டோபமைனைப் போலச் செயற்படும் மருந்துகளை எடுத்தோரில் 17.1 சதவீதத்தினருக்கும், எடுக்காதோரில் 6.9 சதவீதத்தினருக்கும் இத்தகைய கட்டுக்கடங்காத உந்துதல் காணப்பட்டது. சாரத்து மடிப்பில் ஒளித்துவைத்த லொத்தர் சீட்டுக்கட்டைக் கண்டெடுத்து, நடுங்கும் கையோடு நிற்பவரை மருமக்கள் முன்னிலையில் ஏசுவது கொடுமை; நோயாளி தன் நிலையை வைத்தியரிடம் சொல்லும் துணிவையும் அது பறித்துவிடுகிறது.

தன்னிச்சை மருந்துகள்

பூனைக்காலி விதைத்தூள் மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்று மாத்திரையோடு சேர்த்து விழுங்குவோர் ஓர் உண்மையை அறிய வேண்டும். அவ்விதையில் இருப்பது, நடுக்குவாதத்திற்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான அதே லெவோடோபா. 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசுவாமி என்ற அறிவியலாளர்கள் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினர். ஆகவே அளவு தெரியாத தூள், அளந்து கொடுத்த மருந்தின் மீது மற்றொரு மருந்தாக ஏறுகிறது. மீனும் சோறும் வயிறாரச் சாப்பிட்டதோடு மாத்திரையை விழுங்கும்போது, மீனின் புரதம் லெவோடோபா உறிஞ்சப்படுவதைத் தடுக்கக்கூடும். அதனை அறியாமல் "குளிசை பிடிக்கவில்லை" என்று இன்னொன்றைத் தாமே போட்டுக்கொள்வது எத்தனை தடவை சொல்லியும் நிற்காத தவறு. தலைசுற்றுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சினரசினும், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடும் இந்நோயைக் கடுமையாக்கும். நோய் இல்லாதவரிடமும் நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்கக்கூடும்.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள்

கட்டுக்கடங்காத உந்துதலுக்குக் காரணம் மருந்துதான் என்றறிந்த மறுநாளே அதனை நிறுத்துவது இன்னும் ஆபத்தானது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல்விறைப்பும் ஏற்பட்டு உயிருக்கே கேடு விளையலாம். வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைத்தோ மருந்தை மாற்றியோ கொடுக்கும்போது பெரும்பாலானோரில் அவ்வுந்துதல் தணிகிறது. அதுவரை வங்கிப் புத்தகத்தையும் காணி உறுதியையும் நோயாளியின் சம்மதத்தோடு பிள்ளைகள் பொறுப்பில் வைத்திருப்பது நல்லது. அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடும் குளிசை அட்டைகளோடும், வீட்டில் பாவிக்கும் தூள், எண்ணெய் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்; வாங்கிய சீட்டுகளையும் வெட்கப்படாமல் மேசையில் வையுங்கள்.