கடைசிச் சாக்கு

சங்கீத ஞானமும் ஜனங்களின் கரகோஷமும் ஒரு மனிதனை வானளாவ உயர்த்திவிடக் கூடும். ஆனால் தன்னைத் தானே ஆளும் சக்தியை அவை அவனுக்கு அளிப்பதில்லை என்பதற்கு, இங்கிலாந்தின் கிதார் மேதை எரிக் கிளாப்டனின் ஜீவிதத்தைவிடத் தக்க திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. அவர் இருபது வயதைத் தாண்டிய காலத்திலேயே, அவருடைய வாசிப்பில் கிறங்கிப்போன ரசிகர் யாரோ 'கிளாப்டனே கடவுள்' என்று லண்டன் நகரத்துச் சுவர் ஒன்றில் எழுதிவைத்தார்.

1945ல் சர்ரே மாகாணத்து ரிப்ளி கிராமத்தில் பிறந்த கிளாப்டன், பாட்டியைத் தாயென்றும், பெற்றவளைத் தமக்கையென்றும் நம்பி வளர்ந்தவர். உண்மை தெரிந்த நாள் முதல் மனத்தில் குடிகொண்ட தனிமைக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் சங்கீதமே ஆறுதலாயிற்று. 'கிரீம்' குழுவின் மூலம் பெரும் பிரக்யாதி பெற்ற பின்னர், ஆத்ம நண்பரான ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி மீது கொண்ட நிறைவேறாத மோகத்தை, பாரசீகக் கவி நிஜாமியின் லைலா-மஜ்னு காதையில் கண்டு, 1970ல் 'லைலா' என்ற பாடலாக்கினார். அந்த மோகமும் மனச்சோர்வும் வாட்டிய நாட்களில்தான் ஹெராயின் அவரைப் பற்றிக்கொண்டது.

அபினியின் சத்திலிருந்து தயாராகும் இந்த லாகிரி வஸ்து முதலில் சுகத்தைத் தரும். தேகம் அதற்குப் பழகிய பிறகோ, சுகத்துக்காக அன்றி, அது கிடைக்காதபோது வரும் நடுக்கத்துக்கும் வியர்வைக்கும் வாந்திக்கும் அஞ்சியே மனிதன் அதை நாடுவான். இவ்விதம் சர்ரேயிலிருந்த தம் மாளிகைக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தவரை, சக கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் 1973 ஜனவரியில் லண்டன் ரெயின்போ அரங்கின் மேடைக்கு இழுத்து வந்தார். கச்சேரி முடிந்ததும் கிளாப்டன் பழைய இருளுக்கே திரும்பினார்.

மறு வருஷம் மெக் பேட்டர்சன் என்ற டாக்டர், மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தும் சிகிச்சையால் அவரை ஹெராயினிலிருந்து மீட்டார். ஆனால் வஸ்து போயிற்றே தவிர, அதைத் தேடிய தாகம் போகவில்லை. ஹெராயின் இருந்த இடத்தில் பிராந்தி வந்து அமர்ந்தது. மைக் கம்பத்தைப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, மேடையில் மல்லாந்து கிடந்தபடியே ஒரு கச்சேரி முழுவதையும் நடத்தியதாகவும், அதைக் கண்டு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை என்றும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். புகழ் பெற்றவனின் போதைக்குச் சுற்றியிருப்போரின் இந்தச் சகிப்பும் ஓர் உடந்தையே. எனினும் எல்லாவற்றையும் உலகம் சகித்துக்கொள்ளவில்லை: 1976ல் பர்மிங்ஹாம் மேடையில் குடிவெறியுடன் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களை அவர் இழித்துப் பேசியதே, இனத்துவேஷத்தை எதிர்த்து ராக் கலைஞர்கள் ஓர் இயக்கமாகத் திரளக் காரணமாயிற்று.

1982ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஹேசல்டன் நிலையத்தில் சேர்ந்து குடியை விட்டார். சில வருஷங்களில் மீண்டும் விழுந்தார். 1987ல் அதே நிலையத்துக்கு இரண்டாம் முறை போனபோது, தம்மால் இது ஆகாது என்பது தெளிவாகி, தனியறையில் மண்டியிட்டு உதவி கேட்டார். அன்று முதல் அவர் குடித்ததில்லை.

அந்த வைராக்கியத்துக்குச் சோதனை 1991 மார்ச்சில் வந்தது. நான்கு வயது மகன் கானர், நியூயார்க்கில் 53வது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். புத்திர சோகத்தைவிடக் குடிப்பதற்குப் பெரிய காரணம் ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்? கிளாப்டனோ குடிக்கவில்லை, துக்கத்தைப் பாடலில் கரைத்தார். குடிநோயிலிருந்து மீள்வோர் கூடும் சபை ஒன்றில் தம் கதையைச் சொன்னபோது, ஒரு பெண்மணி அருகில் வந்து, தன் குழந்தைகளுக்கு ஏதேனும் நேர்ந்தால் மட்டும் குடிக்கலாம் என்று மனத்தில் ஒளித்து வைத்திருந்த கடைசிச் சாக்கையும் அவர் பறித்துவிட்டதாகக் கூறினாளாம்.

தம் மகனின் நினைவுக்குச் செய்யத்தக்க மரியாதை குடியாதிருப்பதே என்று கொண்ட அவர், தாம் பெற்றதைப் பிறருக்கும் வழங்க எண்ணி, 1998ல் ஆன்டிகுவா தீவில் 'கிராஸ்ரோட்ஸ்' சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அதன் நிதிக்காகத் தம் கிதார்களை ஏலமிட்டார். பழைய கிதார்களின் பாகங்களைக் கொண்டு தாமே உருவாக்கி, பல்லாண்டுகள் கையில் ஏந்திய 'பிளாக்கி'யும் 2004ல் 9,59,500 டாலருக்கு விலைபோயிற்று. சுவரில் எழுதப்பட்ட கடவுள் பட்டத்தால் அவருக்கு ஆகாத காரியம், பிறரிடம் உதவி கேட்டதாலும், பிறருக்கு உதவியதாலும் ஆயிற்று.