மடலும் மாறாக் கையொப்பமும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலுள்ள சிறு பட்டறை ஒன்று, ஆவடியிலுள்ள தன் வாடிக்கையாளருக்குத் தமிழில் விலைப்பட்டியலை மின்னஞ்சல் செய்கிறது எனக் கொள்வோம். பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணும் அதில் உண்டு. பட்டறையின் பெயரில் வேறொருவர் போலி மடல் அனுப்பினாலோ, வழியில் அவ்வெண்ணை மாற்றினாலோ பணம் பறிபோகும். இதனைக் கண்டறிய உதவுவதே அனுப்பும் சேவையகம் இடும் மின்கையொப்பம். 2007இல் வகுக்கப்பட்டு 2011இல் திருத்தி வெளியிடப்பட்ட இம்முறையை டி.கே.ஐ.எம். என்பர்.

சேவையகம், மடலின் உடற்பகுதியையும் தலைப்பு வரிகள் சிலவற்றையும் கணக்கீட்டால் சுருக்கி, தன் மறைத் திறவுகோலால் கையொப்பமிடும். பெறும் சேவையகம், அனுப்புநரின் களப்பெயரில் வெளியிடப்பட்டுள்ள பொதுத் திறவுகோலால் அதனைச் சரிபார்க்கும். மடலில் ஓர் எழுத்து மாறினாலும் சுருக்கம் முற்றிலும் வேறாகிவிடும்.

கையொப்பம் காப்பது மடலின் பொருளையன்று, பைட்டுகளின் வரிசையை. ஆகவே, இடைச் சேவையகம் 'வைரஸ் சோதனை செய்யப்பட்டது' என மடலின் அடியில் ஒரு வரி சேர்த்தாலும் கையொப்பம் பொய்க்கும். வஞ்சகனின் கைவரிசையையும் காவலாளியின் குறிப்பையும் கணக்கீடு வேறுபடுத்தி அறியாது.

தமிழ் மடலுக்கு மற்றுமோர் இடர் உண்டு. 'ஆவடி' என்னும் சொல்லை ஒருங்குறியில் ஆ, வ, ட, இகரக் குறி என நான்கு குறியீடுகளாக எழுதுகிறோம். யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். ஆக 12 பைட்டுகள். அவை ஒவ்வொன்றும் 8 பிட்டுகளையும் பயன்கொள்வன. தொடக்ககால மின்னஞ்சல் நெறிமுறையோ ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு 7 பிட்டுகளுக்கே அமைந்தது. அத்தகைய பழைய சேவையகத்திடம் மடலை ஒப்படைக்க நேர்ந்தால், இடைச் சேவையகம் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறியும் இரண்டு குறியெழுத்துகளுமாக மாற்றி எழுதக்கூடும். 12 பைட்டுகள் 36 ஆகிவிடும். திரையில் ஆவடி ஆவடியாகவே தெரியும்; கையொப்பம் மட்டும் பொய்த்திருக்கும். வெறும் ஆங்கில எழுத்தாலான மடலுக்கு இம்மாற்றமே தேவைப்படுவதில்லை.

பொய்த்த கையொப்பத்தைக் கையொப்பமே இல்லாததுபோல் கருத வேண்டும் என்கிறது நெறிமுறை. ஆயினும் சில சேவையகங்கள் அம்மடலைக் குப்பைக் கோப்புறைக்கு அனுப்பிவிடுகின்றன. நேர்மையான பட்டறையின் பணமும் தாமதப்படுகிறது. இடைவெளிகளின் எண்ணிக்கை மாறினால் பொறுத்துக்கொள்ளும் தளர்வு முறை ஒன்று உண்டெனினும், எழுத்து மாற்றத்தை அது பொறுக்காது. எனவே, தமிழ் மடலை முதலிலேயே 7 பிட் வடிவுக்கு மாற்றி, சேர்க்க வேண்டிய குறிப்புகளையும் சேர்த்து, நிறுவனத்தின் கடைசி வாயிலில் கையொப்பமிடுவதே தக்கது.