தாதியர் தடம் – 11: நான்காவது கதவு

சென்ற வாரம் மனநலத் தாதியரைப் பற்றிப் பேசினோம். அவர்களுக்காவது தனி மேற்படிப்பு இருக்கிறது. இந்த வாரம் வருபவர்கள் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கும் தாதியர்; அவர்களுக்குச் சிங்கப்பூரில் அதுவும் இல்லை.

பிரிட்டனில் தாதிமைப் பட்டப்படிப்பில் சேரும்போதே பெரியவர், சிறார், மனநலம், அறிவுத்திறன் குறைபாடு என்ற நான்கில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான்காவது பிரிவு 2019இல் நூற்றாண்டு கண்டது. சிங்கப்பூரில் அப்படியொரு கதவே கிடையாது. நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டயம் படித்தாலும், தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினாலும், பொதுத் தாதியாகத்தான் வெளியே வர முடியும். அதன்பிறகு மனநலக் கழகத்தின் நரம்பு வளர்ச்சிக் குறைபாட்டுப் பிரிவு, கேகே மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவு, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான மைண்ட்ஸ் அமைப்பின் இல்லங்கள் என்று எதில் வேலை அமைகிறதோ அதுவே பள்ளிக்கூடம்.

தேக்கா வட்டாரக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையென்றால் நடக்கிற தூரத்தில், புக்கிட் தீமா சாலையில், கேகே இருக்கிறது. அங்கே பரிசோதனை, பயிற்சி, பிறகு சிறப்புப் பள்ளி. 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். பதினெட்டு வயது வரை ஏதோ ஒரு கை பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் சிக்கல். குழந்தை மருத்துவர் போய்விடுவார், பள்ளியும் முடிந்துவிடும். பெரியவர்களின் பொது வார்டில் ஒருநாள் இந்தப் பிள்ளை முப்பது வயது ஆளாக வந்து படுப்பான். அன்றைக்கு அவனருகில் நிற்கும் தாதிக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதே கேள்வி.

திடீரென்று காதில் அறைந்துகொள்கிறான் என்று வையுங்கள். ‘இவருக்கு இது வழக்கம்தான்’ என்று குறிப்பெழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படி நகர்ந்ததால் உயிர் போன கதைகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பழகிய தாதி முதலில் காதைப் பார்ப்பார், பிறகு பல்லை. கடைசியாக மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்பார். மலச்சிக்கல் கொல்லும் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், இந்தத் துறையில் யாரும் சிரிப்பதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கு நாற்பதைத் தாண்டியதும் மறதிநோய் வரலாம். ‘பிடிவாதம் கூடிவிட்டது’ என்று வீட்டார் சொல்வது அதன் தொடக்கமாகவும் இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம்.

இதில் பாதியைத் தாதிக்குக் கற்றுக்கொடுப்பது அம்மாதான். “மிஸ்ஸி, வயிறு வலிச்சா இவன் அழமாட்டான், காலை மடக்கிக்குவான்.” எந்தப் பாடநூலிலும் இல்லாத இந்த வரியைக் குறித்துவைக்கத் தெரிவதே பயிற்சி. பிரிட்டனில் இதற்கென்றே நோயாளி கையோடு கொண்டுவரும் குறிப்பேடு உண்டு: சிவப்புப் பக்கத்தில் வலிப்பு, ஒவ்வாமை, விழுங்குவதில் சிரமம், மஞ்சளில் அன்றாடப் பழக்கங்கள், பச்சையில் பிடித்தது, பிடிக்காதது. ரத்த அழுத்தம் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. பட்டையை முதலில் அம்மாவின் கையில் கட்டி அமுக்கிக் காட்டுவது, பிறகு தன் கையில், மூன்றாவதாகத்தான் அவன் கையில். ஐந்து நிமிடம் கூடுதலாகும். அந்த ஐந்து நிமிடத்தைத் தர மறுக்கும் வார்டுகளில்தான் நான்கு பேர் பிடித்து அமுக்க வேண்டியிருக்கிறது.

மைண்ட்ஸ் 1962இல் தொடங்கியபோது அதன் பெயர் வேறு. 1985இல்தான் இப்போதைய பெயர் வந்தது. அன்று சிறுபிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. காலை மடக்கினால் வயிற்றுவலி என்று சொல்ல அம்மா இருக்க மாட்டார். இருந்தாலும் எண்பதைத் தாண்டி, அவரே ஒரு நோயாளியாக இருப்பார்.

நமக்கும் நான்காவது பிரிவு வேண்டுமா? எனக்குச் சந்தேகம்தான். பிரிட்டனிலேயே அதில் சேர ஆள் குறைந்து சில பல்கலைக்கழகங்கள் மூடிவிட்டன. இந்தச் சின்ன ஊரில் அது வெறும் பெயர்ப்பலகையாகிவிடும். அதைவிட, தாதிமை படிக்கும் ஒவ்வொருவரையும் ஒரு மாதம் மைண்ட்ஸ் போன்ற இல்லமொன்றுக்கு அனுப்பலாம்: ஊட்டிவிட, பல் துலக்கிவிட, கூடவே பேருந்தில் போக. எந்த வார்டில் வேலை கிடைத்தாலும் அது உதவும். எலும்பு முறிந்தால் அந்த இல்லத்தில் இருப்பவர்கள் எலும்பு வார்டுக்குத்தானே வரப்போகிறார்கள்.

(தொடரும்)